வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய வளையல்கள்

அக்கா!

பெயர் சொல்லி உன்னை நான் கூப்பிட்டதே இல்லை. இப்போதும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது. உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்களே, அந்தக் குளியலறையில் வைத்தே உன் மாமியாரை நான் பழி வாங்கினேன். உனக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு சென்னீர்குப்பத்தில். அக்காவைத் திருமுல்லைவாயிலில் கொடுத்திருந்தோம். அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். யுத்தம் வந்ததும் ஆவடி மிலிட்டரி கேம்பில் அவருக்கு ஸ்டோர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு சுவர் எழுப்பி, சிமெண்டுத் தரை போட்டு, ஒரு குளியலறை கட்டினார். அந்தத் தெருவில் மற்ற எல்லோரும் தென்னங்கீற்றுத் தட்டி மறைவில்தான் குளிப்பார்கள். அதனால் மாமாவுடைய அம்மாவுக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிற அந்தப் பொம்பளைக்கு, தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்னால் குளியலறையைத்தான் காட்டுவாள். அவளுக்கு மரியாதை போட்டு எழுத என் கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

குளியலறைச் சுவரில் ஒரு மரப்பெட்டி இருந்தது. கேம்புக்குச் சாமான் வந்த பேக்கிங் பெட்டிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஆணியடித்து, தட்டும் கதவும் வைத்து மாமாவே செய்தது. மேல் தட்டில் மாமாவின் சவரக் கத்தியும் சோப்பும். நடுத் தட்டில் அத்தையின் சீயக்காயும் எண்ணெய்க் கிண்ணமும். கீழ்த் தட்டு அக்காவுடையது. குனிந்துதான் எடுக்க வேண்டும். மஞ்சள் கிழங்கு, பயத்தமாவு, ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் உடைந்த வளையல் துண்டுகள். துணி அடிக்கும்போது வளையல் உடைந்தால் அக்கா அதைத் தூக்கிப் போட மாட்டாள், பொறுக்கி டப்பாவில் போட்டு வைப்பாள்.

"எதுக்குக்கா இத்தச் சேக்கற?" என்று கேட்டேன்.

"அயகா கீதுடி. குப்பையில போட மனசு வர்ல," என்றாள்.

போன பங்குனியில் அக்காவுக்கு அம்மை போட்டது. எனக்குச் சின்ன வயசிலேயே போட்டு இறங்கிவிட்டதால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிக்காமல், தலை வாராமல், எல்லாம் முறையாகத்தான் இருந்தோம். அக்காவுக்கு முத்து உடம்பு முழுக்க. வாய்க்குள்ளும் இருந்தது. இளநீர் விழுங்கவே அழுவாள்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் தங்கைக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அம்மை இருக்கிற வீட்டுக்குள் யார் வருவார்கள்? தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தால்தான் ஆத்தாள் போய்விட்டாள் என்று கணக்கு. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அத்தை வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரை வெயிலில் வைத்துவிட்டாள்.

"இன்னும் முத்து எறங்கல அத்தே. கால்ல பாருங்க. ரெண்டு நாள் போவட்டும்," என்றேன்.

"உனுக்கு இன்னாடி தெரியும்? நான் எத்தினி பேருக்குத் தண்ணி ஊத்திக்கீறேன்! எல்லாம் எறங்கிடிச்சி. இஸ்துகினு வா அவள."

இழுத்துக்கொண்டுதான் போனேன். அக்காவால் நிற்க முடியவில்லை. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் வைத்தும் தண்ணீர் சரியாகச் சூடேறவில்லை. மேகம் மூடியிருந்தது. முதல் சொம்பு விழுந்ததுமே அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டது. "போதும் அத்தே, போதும் அத்தே" என்றாள். மூன்று தண்ணீரை நாள் விட்டு நாள் ஊற்ற வேண்டும். அத்தை ஒரே நாளில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று ஊற்றி முடித்தாள். அன்றைக்கே ஜன்னி கண்டது. வியாழக்கிழமை அக்கா போய்விட்டாள்.

"ஆத்தா எடுத்துக்கினா. யாரும் அயக்கூடாது. அயுதா ஆத்தாளுக்கு ஆவாது," என்றாள் அத்தை. அம்மையில் போனவர்களுக்கு ஒப்பாரி கிடையாதாம். எங்கள் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் யார் கேட்டாலும் அத்தை அதையே சொன்னாள். ஆத்தாள் எடுத்துக்கொண்டாள், ஆத்தாள் எடுத்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஆத்தாள் எடுக்கவில்லை, நான்தான் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினேன் என்று அவள் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். சோறு தின்னும்போதும் அதையே நினைத்தேன், சாணி தட்டும்போதும் அதையே நினைத்தேன்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வெற்றிலைத் தட்டோடு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமாவுக்கு இரண்டாம் கல்யாணம். ஐயப்பன்தாங்கல் பக்கத்துப் பெண். அம்மா தட்டைத் தொடாமல் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அவளுக்குப் பூவாடை வெக்கணுமே அண்ணி. அத்த முடிச்சிட்டுதான தாலி கட்டணும்? புடவை நாங்க எடுத்தாறோம்."

சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று சொல்லி, பிறந்த வீட்டுப் புடவையை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டாவது பெண்ணைக் கொண்டுவருகிற வீட்டில் அதைச் செய்யாமல் விடவே மாட்டார்கள். அத்தை விட்டாள்.

"அம்மையில போனவளுக்கு இன்னா பூவாடை? அவ ஆத்தாகிட்டயே போய்ச் சேந்துட்டா. இப்ப போய் அவளக் கூப்ட்டு, வர்ற பொண்ணு பயந்துக்கினா யாரு பதில் சொல்றது?"

அத்தை கல்யாணத்துக்கு வீட்டைச் சிங்காரிக்கிற கதைக்குப் போய்விட்டாள். வெள்ளையடித்தாயிற்று. குளியலறைப் பெட்டிதான் கண்ணில் உறுத்துகிறது. சோப்பு அழுக்கு ஏறிக் கருத்து, அடியில் கரையான் வேறு.

"ஒடச்சி அடுப்புல வெச்சிடலாம்னு கீறேன்," என்றாள்.

அக்கா கடைசியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெட்டி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் குரல் சாதுவாகத்தான் வந்தது.

"ஒடைக்காதீங்க அத்தே. எங்கிட்ட குடுங்க, புச்சா பண்ணித் தரேன். பட்டணத்து பங்களாவுல கீற மாரி."

"உனுக்குத் தெரியுமா அந்த வேலையெல்லாம்?"

"பாருங்களேன்."

பங்களா என்ற வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாளே வண்டிக்காரரிடம் பெட்டியை அனுப்பிவிட்டாள். கதவைத் திறந்து பார்த்தேன். மேல் தட்டும் நடுத் தட்டும் காலி. கீழ்த் தட்டை அவர்கள் தொடவே இல்லை. காய்ந்த மஞ்சள் கிழங்கும் தகர டப்பாவும் அப்படியே இருந்தன. மஞ்சளில் அக்கா தேய்த்த வழவழப்பு ஒரு பக்கம் இருந்தது. அதை எடுத்து என் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு வேலையை ஆரம்பித்தேன். கொட்டாங்கச்சியால் சோப்பு அழுக்கைச் சுரண்டினேன். கரையான் மண்ணைத் தட்டிவிட்டு, பொந்தில் துணியைச் சுற்றின குச்சியால் மண்ணெண்ணெய் விட்டேன். அப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அம்மா திட்டினாள். செங்கல் துண்டால் ஒருதரம், உப்புத்தாளால் இரண்டுதரம் தேய்த்தபோது பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையில் போட்டிருந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் மறைந்து, வெள்ளை மரம் வெளியே வந்தது. சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலந்து இரண்டு பூச்சு பூசினேன். கதவின் நடுவில் ஒரு தாமரை, இரண்டு பக்கமும் கிளி, சுற்றிலும் கம்பிக்கோலம். எல்லாம் அக்காவின் வளையல் துண்டில். கிளிக்குப் பச்சை, மூக்குக்குச் சிவப்பு, தாமரைக்கு ரோஸ். பச்சை வளையலில் பொன் புள்ளி வைத்திருந்தது கிளியின் இறகுக்கு அப்படிப் பொருந்தியது. விளிம்புக்கு ஜிகினாக் காகிதம்.

ஒட்டுவதற்கு எங்கள் தெரு ஆசாரி மாமாவிடம் போய் வஜ்ஜிரம் கேட்டேன். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. மேஜை நாற்காலிக்கு அதைத்தான் போடுவார்கள். காய்ந்தால் கல்.

"எதுக்குப் பொண்ணே?" என்றார்.

"குளிக்கிற ரூமு பொட்டிக்கு."

"அடப்போ! குளிக்கிற ரூமுல வஜ்ஜிரம் நிக்குமா? வெந்நீர் ஆவி பட்டாலே பாகு மாரி எளகிடும். அரக்கு காய்ச்சி ஒட்டு. நம்ப ஊட்லயே கீது, எடுத்துகினு போ."

எளகிடும் என்று அவர் சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. வரப்போகிற மருமகளுக்கு முன்னால் அத்தையின் பங்களாப் பெட்டி பல்லிளிக்கும். உடைந்த துண்டு தரையில் கிடக்கும். வெறுங்காலோடு அத்தை அதன்மேல் நிற்பாள். வேறு யாராவது மிதிப்பார்களே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியும் விட்டுவிட்டேன்.

"அரக்கு வேணாம் மாமா. வஜ்ஜிரமே குடுங்க," என்றேன்.

"இன்னாமோ போ. அப்றம் ஆசாரி குடுத்தது சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லாத."

வேலை முடிந்ததும் நானே வண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். அத்தை வாயைப் பிளந்தாள். பிறகு கிட்டே வந்து தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஒடஞ்ச வளையலாடி இது? நல்ல காரியம் நடக்கற ஊட்ல?"

"வளையல்னா நெனைக்கிறீங்க? கண்ணாடி வேலை அத்தே. பட்டணத்துல பெரிய மனுசங்க ஊட்ல இப்ப இதான்."

"நீ எங்க பாத்த பெரிய மனுசங்க ஊட்ட?"

"பாத்துட்டு வந்தவங்க சொன்னாங்க."

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து "அம்மாடி, இன்னா அயகு" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு யார் வந்தாலும் அவளே கதவைத் திறந்து மூடிக் காட்டினாள். இது யார் கையில் கிடந்த வளையல் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் அவளுக்குச் சோறு போட்ட கை. அதுவும் எனக்கு ஒரு கோபம்.

கல்யாணம் நடந்தது. நானும் அம்மாவும் போகவில்லை. ஒரு மாதம் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை வெயில் ஏறும் நேரம், வாசலில் வண்டி நின்றது. அத்தை இறங்கினாள். இடது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ வந்துட்டா," என்றாள்.

"யாரு அண்ணி?" என்றாள் அம்மா.

"யாரா? உம் பொண்ணுதான். வளையல ஒண்ணொண்ணாக் கயட்டிப் போடறா."

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள எல்லோருக்கும் அண்டா நிறைய வெந்நீர் போட்டார்களாம். குளியலறை முழுக்க ஆவி. அன்றைக்கு ஒரு துண்டு விழுந்தது. மறுநாள் மூன்று. யாரும் தொடவில்லை, தட்டவில்லை. புது மருமகள் பொறுக்கிப் பொறுக்கி மேலே வைத்தாள். முந்தின நாள் காலையில் அத்தையின் விரலில் ஒன்று ஏறிவிட்டது. பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். பச்சை, அதில் பொன் புள்ளி.

"பூந்தமல்லி திருநாள்ல நான்தான் அவளுக்கு வாங்கிக் குடுத்தேன். என் கையால போட்டு உட்ட வளையலு. அத்தத்தான் எங்கால்ல ஏத்துனா. கிளியோட றெக்க பூராவும் உதுந்துட்ச்சி. தாமரையும் உதுருது. எல்லாம் உதுந்து முடிஞ்சா இன்னா செய்வாளோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. நல்லா பயப்படு. ராத்திரி தூங்காம கெட. வஜ்ஜிரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பயம் போய்விடும். நான் அதைச் சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னேன்.

"அவளுக்கு ஏதோ மனக்கொற கீது அத்தே. அது இன்னான்னு உங்களுக்குத்தான் தெரியும். பூவாடை வெச்சி, நாலு பேர் முன்னாடி வாய் உட்டுச் சொல்லிடுங்க. அப்பதான் போவா."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "புடவை எடுத்துகினு வாங்க," என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் புடவையோடு போனோம். குளத்திலிருந்து புதுக் குடத்தில் தண்ணீர் மொண்டு, அவளைக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புடவையை எதில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது அத்தை யாரையும் கேட்கவில்லை. "அவ பொட்டியிலதான்" என்றாள். குளியலறைச் சுவரிலிருந்து பெட்டியை மாமாவே கழற்றி நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தார். சோப்பும் சீயக்காயும் வைத்திருந்த பெட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ சுற்றினார்கள்.

பெட்டியை இறக்கும்போது ஒரு வளையல் துண்டு மாமாவின் கையோடு வந்துவிட்டது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுத்தது. மூக்கில் வைத்து மோந்தார். தச்சு வேலை தெரிந்தவர், அந்த நாற்றம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்லு, சொன்னால் சொல்லிக்கொள் என்று நின்றேன். அவர் அந்தத் துண்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

கற்பூரம் ஏற்றினார்கள். தெருப் பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். அத்தை விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்தபடியே பேசினாள்.

"ஆத்தா எடுக்கல. நான்தான் எடுத்துட்டேன். முத்து எறங்கல, எனுக்குத் தெரியும். எம் பொண்ணு நிச்சயம் நின்னுடப் போவுதேன்னு அவசரப்பட்டு ஊத்திட்டேன். மூணு தண்ணியும் ஒரே நாள்ல ஊத்திட்டேன். போதும் போதும்னு சொன்னியே, நான் கேக்கலியே! தோ நிக்கிறாளே உந் தங்கச்சி, அவகூட வேணாம்னு சொன்னா. அவளத் திட்டி வாய அடச்சேன். அவ சொன்னதக் கேட்டிருந்தா இன்னிக்கி நீ இருப்பியே!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

நான் எட்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்தது நடந்துவிட்டது. அவள் என் கால் கிட்டே மண்ணில் கிடந்தாள். குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. ஏனென்றால் அத்தை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். குளியலறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். தண்ணீரை ஊற்றியது அத்தை. குடத்திலிருந்து ஒவ்வொரு சொம்பாக மொண்டு அவள் கையில் கொடுத்தது நான். காலையிலும் நான், மத்தியானமும் நான், சாயங்காலமும் நான். வேண்டாம் என்று ஒருதரம் சொல்லிவிட்டு, திட்டுக்குப் பயந்து மொண்டு மொண்டு கொடுத்தேன். "போதும்" என்று அக்கா சொன்னது என் முகத்தைப் பார்த்துத்தான்.

அத்தை மறந்துபோய் விட்டாளா, தெரிந்தே என்னை விட்டாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த இருபது பேர் முன்னால் நானும் விழுந்து சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் போய்விட்டேன். புதுப் பெண் பின்னாலேயே வந்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். என்னைவிட ஒரு வயசு சின்னவளாக இருப்பாள். அவள் உள்ளங்காலில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயம் ஆறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் குத்திச்சா?" என்றேன்.

"பரவால்ல. அவங்க வளையல்தான?" என்றாள்.

மறுநாள் ஆசாரி மாமாவிடம் அரக்கு வாங்கிக்கொண்டு போய், உதிர்ந்த துண்டையெல்லாம் திரும்ப ஒட்டிக்கொடுத்தேன். பெட்டி இப்போது அவர்கள் நடுவீட்டில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அத்தை விளக்கு வைக்கிறாளாம். வைக்கட்டும். அவளை நான் மன்னிக்கவில்லை. அவள் சாகும்வரை அந்தப் பெட்டிக்குப் பயப்பட வேண்டும். அது மட்டும் மாறவில்லை. அவளைத் திட்டும்போதெல்லாம் இப்போது என் கையும் கூடவே ஞாபகத்துக்கு வருகிறது, அதுதான் வித்தியாசம்.

இதைப் படிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும் சரி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. என் அக்காவுக்கு இருபத்திரண்டு வயசுதான். குளிரில் நடுங்கிக்கொண்டே போனாள். அவள் இருக்கிற இடம் இதமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் அவளுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.